பழைய ஃபிலிம் கேமராவில் வியூஃபைண்டர் மங்கலாகத் தெரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட் ஹேண்டில் ஃபிலிம் கேமரா வாங்கியவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான்: "கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் புகை மூட்டமாக இருக்கிறது, கேமரா வீணா?" பெரும்பாலும் வீணில்லை. தூசியும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்த மங்கல்தான் அது. பொறுமையாகச் செய்தால் போய்விடும். மங்கலைவிட அவசரமாகத் துடைப்பதுதான் நல்ல கேமராக்களைக் கெடுக்கிறது. அதனால் எதைத் துடைக்கலாம் என்பதோடு, எதைத் தொடவே கூடாது என்பதையும் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

வியூஃபைண்டர் மங்கலாக இருந்தால் படமும் மங்கலாக விழுமா?

விழாது. எஸ்எல்ஆர் கேமராவில், அதாவது உள்ளே மிரர் வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராவில், ஷட்டரை அழுத்தும்போது மிரர் மேலே போய்விடும். ஒளி லென்ஸிலிருந்து நேராக ஃபிலிமுக்குப் போகும். உருவம் விழும் ஸ்க்ரீன், அதைக் கண்ணுக்குத் திருப்பும் ப்ரிசம், கண் வைக்கும் ஐபீஸ் எதுவும் அந்த வழியில் இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது நடுவில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்று சேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமராவில், வியூஃபைண்டர் தனி வழி, லென்ஸ் தனி வழி.

ஆனால் மறைமுகமாக இரண்டு பாதிப்புகள் உண்டு. ஒன்று, ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் உறுதி செய்ய முடியாமல் போவது. இன்னொன்று பலர் யோசிக்காதது: பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனான் ஏஇ-1, நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் லைட் மீட்டரின் செல் ஐபீஸுக்குப் பக்கத்தில், ப்ரிசத்தை ஒட்டி இருக்கிறது. ஸ்க்ரீனில் விழும் ஒளியைத்தான் அது அளக்கிறது. ஸ்க்ரீனிலும் ப்ரிசத்திலும் அழுக்கு அடர்த்தியாக இருந்தால், உண்மையில் இருப்பதைவிட வெளிச்சம் குறைவு என்று மீட்டர் சொல்லலாம்; அதை நம்பி எடுத்தால் படம் கொஞ்சம் ஓவர் ஆகும், அதாவது அளவுக்கு மேல் வெளுக்கும். யாஷிகா எலக்ட்ரோ 35, கேனோனெட் போன்றவற்றில் மீட்டர் செல் முன்பக்கம் தனியாக இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

மங்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எஸ்எல்ஆர் என்றால் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பிப் பாருங்கள். லென்ஸ் இல்லாமல் தெளிவாக இருந்தால் மங்கல் லென்ஸில்தான். அது வேறு கதை. அது படத்திலும் தெரியும். லென்ஸ் இல்லாமலும் மங்கலாக இருந்தால், லென்ஸ் மவுன்ட் வழியாக டார்ச் அடித்துக்கொண்டு ஐபீஸ் வழியாகப் பாருங்கள். கூர்மையான கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை ஸ்க்ரீனில் கிடக்கும் தூசி, ஏனென்றால் நம் கண் ஃபோகஸ் ஆவது அந்தத் தளத்தில்தான். மிரரில் இருக்கும் தூசி புள்ளியாகத் தெரியாது. ஐபீஸில் இருப்பது பரவலான வெள்ளை மூட்டமாகத் தெரியும். கண்ணைச் சற்று நகர்த்தினால் அந்த மூட்டமும் நகரும்.

அப்புறம் டார்ச்சைப் பின்பக்கம், ஐபீஸ் வழியாக அடித்து மவுன்ட் பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. ஒரே சீரான பால் நிறமாக இருந்தால் எண்ணெய்ப் படலம்.

ரேஞ்ச்ஃபைண்டரில் இதைவிடச் சுலபம். முன் ஜன்னலில் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். பின்னால் அடித்து முன்னாலிருந்தும் பாருங்கள். எந்தப் பக்கக் கண்ணாடி பளிச்சென்று வெள்ளையாகிறதோ அதன் உள்பக்கம்தான் அழுக்கு.

கண்ணாடிகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. இருந்தும் மங்கலாகத் தெரிகிறதே?

கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? பழைய எஸ்எல்ஆர்கள் பலவற்றில் ஐபீஸ் மைனஸ் 1 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) அளவில் அமைக்கப்பட்டிருக்கும். அதாவது ஸ்க்ரீன் ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். நாற்பதைத் தாண்டியவர்களில் சிலருக்கு அதுவே தெளிவாக இருக்காது. கண்ணாடி போட்டுப் பாருங்கள். சரியானால், அந்த மாடலுக்கு உரிய டயாப்டர் லென்ஸ் வாங்கி மாட்டினால் போதும்.

இன்னொன்று, இருட்டு வேறு, மங்கல் வேறு. ஜெனிட்-இ போன்ற கேமராவில் ஹீலியாஸ் 44-2 லென்ஸின் அப்பர்ச்சரைக் குறைத்தால் வியூஃபைண்டரும் உடனே இருட்டாகும். அதன் அமைப்பே அப்படி. ஏஇ-1 போன்றவற்றில் அப்பர்ச்சரை முன்கூட்டியே குறைக்கும் ஸ்டாப் டவுன் லீவர் உள்ளே தள்ளப்பட்டிருந்தாலும் இதே கதைதான். லென்ஸ் எஃப்/2-லும் எஃப்/16-லும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த மங்கல் எப்படி வருகிறது?

நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் போட்ட கிரீஸும் எண்ணெயும் மெல்ல ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. அதில் தூசி ஒட்டுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் மேல்மூடிக்குள் காற்றை முழுதாக அடைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால் அங்கே இது அதிகம். எஸ்எல்ஆரில் வேறொரு காரணமும் சேரும்: மிரர் மேலே போய் மோதும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஃபோம் காலப்போக்கில் பிசினாகி, பிறகு உதிர்ந்து, ஸ்க்ரீன் மேல் கறுப்புத் துகளாக விழும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வருடம் முழுக்க இருக்கும் ஈரப்பதம் பூஞ்சைக்கும் வழி செய்கிறது.

சுத்தம் செய்ய என்ன வாங்க வேண்டும்?

ரப்பர் ப்ளோயர், லென்ஸ் டிஷ்யூ, நல்ல பட்ஸ், 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். டப்பாவில் அடைத்து விற்கும் காற்று ஸ்பிரே வேண்டாம்; அதிலிருந்து திரவம் தெறித்து ஸ்க்ரீனில் கறை விழும், அந்த வேகத்தில் ஷட்டர் பிளேடும் மடங்கிப் போகலாம். வாயால் ஊதவும் வேண்டாம்.

கேமராவைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் ஜேஐஎஸ் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவிடுங்கள். ஜப்பான் கேமராக்களில் இருப்பது பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த வெட்டு ஜப்பானியத் தரப்படி போட்டது. ஃபிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் முனை வழுக்கி, ஸ்க்ரூ தலை மழுங்கிவிடும். அதற்குப் பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

எஸ்எல்ஆரின் மிரரைத் துடைக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும், கண்ணாடி அதைக் காக்கும். கேமரா மிரரில் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. விரல் நகம் பட்டாலே கீறல் விழும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் ஊதுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். விரல் ரேகை இருந்தால் மட்டும், லென்ஸ் டிஷ்யூவில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, அதன் எடை மட்டும் படும்படி ஒரே திசையில் ஒருமுறை இழுங்கள். அழுத்தினால் பூச்சு போவதோடு, மிரர் உட்காரும் கோணமும் மாறி ஃபோகஸ் தவறும்.

ஃபோகசிங் ஸ்க்ரீனை எப்படிச் சுத்தம் செய்வது?

பெரும்பாலான ஸ்க்ரீன்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக். அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வளையங்களும் சொரசொரப்பும் இருக்கின்றன. படம் விழுவதே அவற்றால்தான். உலர்ந்த துணியால் துடைத்தால் அந்த நுணுக்கம் தேய்ந்து, இனி எப்போதும் போகாத ஒரு பளபளப்புத் தழும்பு நடுவில் விழும். ஆல்கஹாலும் நெயில் பாலிஷ் ரிமூவரும் இதன் பக்கமே வரக்கூடாது.

ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2, 1981-இல் வந்த கேனான் ஏஇ-1 புரோகிராம் போன்றவற்றில் லென்ஸ் மவுன்ட் வழியாகவே ஒரு சிறு கொக்கியை விடுவித்து ஸ்க்ரீனை வெளியே எடுக்கலாம். நிக்கான் எஃப், எஃப்2, எஃப்3, கேனான் எஃப்-1, பென்டாக்ஸ் எல்எக்ஸ் ஆகியவற்றில் ப்ரிசமே தனியாகக் கழன்று வரும் என்பதால் இன்னும் சுலபம். ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, அதில் மெதுவாக அலசுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ப்ளோயரால் நீரைத் தள்ளி, தூசி இல்லாத இடத்தில் உலர விடுங்கள். தேய்க்கவே கூடாது.

திரும்பப் போடும்போது பக்கம் மாறக்கூடாது. பெரும்பாலும் சொரசொரப்பான பக்கம் மிரரைப் பார்த்து, அதாவது கீழே இருக்கும். ஓரத்தில் மெல்லிய பித்தளைத் தகடு ஏதாவது இருந்தால் அது தெரியாமல் விழுந்த குப்பை இல்லை. ஸ்க்ரீனின் உயரத்தைச் சரிசெய்யத் தொழிற்சாலையில் வைத்தது. எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

பழைய ஏஇ-1-லும் கே1000-லும் ஸ்க்ரீன் இப்படிக் கழன்று வராது. ப்ளோயரோடு நிறுத்திக்கொண்டு, மீதியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஓஎம்-1 வியூஃபைண்டரில் கறுப்புக் கோடுகளும் திட்டுகளும் தெரிகின்றன. துடைத்தால் போகுமா?

போகாது. இந்த மாடலுக்கே உரிய சங்கடம் இது. ப்ரிசத்தைச் சுற்றி வைத்திருந்த ஃபோம் சிதைந்து, அதன் பிசின் ப்ரிசத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடுகிறது. அரித்த இடம்தான் கறுப்பாகத் தெரிகிறது. வேறு ப்ரிசம் மாற்றுவது ஒன்றே வழி. இப்போது ஓஎம்-1 வாங்கி, உங்களுடையதில் இன்னும் கோடு விழவில்லை என்றால், ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த ஃபோமை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை நானே திறந்து சுத்தம் செய்யலாமா?

1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 வரிசையும், 1972-இன் கேனோனெட் க்யூஎல்17 ஜி-III-உம் நம்மிடம் அதிகம் வருவதால் அவற்றை மனதில் வைத்தே சொல்கிறேன். செய்யலாம். கை நடுங்காதவர்களுக்கு ஒரு மாலை வேலை. பலன் கண்கூடாகத் தெரியும்.

முதலில் பேட்டரியை எடுங்கள். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். கீழே விழும் ஸ்க்ரூ கண்ணில் படும். பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் சுருள் உட்காரும் அறையில் இருக்கும் முள்கரண்டி போன்ற அச்சை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே ரீவைண்ட் கைப்பிடியை இடப்பக்கமாகத் திருகினால் அது கழன்று வரும். வைண்டிங் லீவரின் நடு மூடியை ரப்பர் கார்க்கால் அழுத்தித் திருகுங்கள். வராவிட்டால் இரட்டை முனை ஸ்பேனர் வேண்டும். பக்கவாட்டு ஸ்க்ரூக்களை எடுத்ததும் மேல்மூடி தளரும். அதை வெடுக்கென்று தூக்காதீர்கள். ஹாட் ஷூ (ஃபிளாஷ் மாட்டும் இடம்) உள்ள மாடல்களில் ஒரு மெல்லிய வயர் மூடியோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். மெதுவாகத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது எந்த வாஷர் எதற்குக் கீழே என்று திணற வேண்டாம்.

மூடி போனதும் மொத்த அமைப்பும் தெரியும். முன் லென்ஸ், அதற்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு, கடைசியில் ஐபீஸ். பக்கத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு சிறு மிரர். ஜன்னல் கண்ணாடிகள், முன் லென்ஸ், ஐபீஸ் ஆகியவற்றின் உள்பக்கத்தைத்தான் நீங்கள் துடைக்க வேண்டும். பட்ஸில் ஆல்கஹாலைத் தொட்டு, அதிகப்படியை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றுங்கள். ஒரு பட்ஸை ஒருமுறைதான். பழுப்பு நிறம் வந்து, பிறகு வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஓரங்களில் ஆல்கஹால் கசிந்து பசைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சாய்ந்த கண்ணாடி. பொன்னிறமாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். அதைத் தொடாதீர்கள். பாதி ஒளியை உள்ளே விட்டு, பாதியைத் திருப்பும் பூச்சு அதன் மேல் இருக்கிறது. நடுவில் தெரியும் இரட்டை உருவத்தை உண்டாக்குவதே அதுதான். வயதாக ஆக அந்தப் பூச்சுக்குப் பிடிமானம் போய்விடும். ஈரப் பட்ஸ் பட்டால் துணிச்சாயம் போல உரிந்து பட்ஸோடு வந்துவிடும். அப்புறம் வியூஃபைண்டர் மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் ஃபோகஸ் பார்க்க இரட்டை உருவமே இருக்காது. ப்ளோயர் மட்டும் போதும். கொஞ்சம் மங்கல் மீதி இருந்தால் இருக்கட்டும். ஜன்னலும் ஐபீஸும் சுத்தமானாலே மாற்றம் பெரிதாகத் தெரியும். பக்கத்துச் சிறு மிரருக்கும் இதே விதிதான்.

சுத்தம் செய்த பிறகு இரட்டை உருவம் ஒன்று சேரவில்லை. என்ன ஆயிற்று?

ஏதோ சற்று நகர்ந்திருக்கிறது. மூடியைப் போடுவதற்கு முன்பே இதைச் சோதிக்க வேண்டும். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் செல்போன் டவரையோ, இரவில் நிலாவையோ பாருங்கள். இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டு விலகலுக்கு ஒரு ஸ்க்ரூ, மேல் கீழ் விலகலுக்கு வேறு ஏற்பாடு என்று மாடலுக்கு மாடல் இருக்கும். உங்கள் மாடலில் எது எதற்கு என்று உறுதியாகத் தெரியாமல் திருகாதீர்கள்.

ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த யாஷிகா மேட் கிடைத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒரே மூட்டம்.

மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள இந்த டிஎல்ஆர்களில் மிரர்தான் பெரும்பாலும் காரணம். யாஷிகா மேட் 124ஜி-யில் மேலே மடங்கும் கூடு நான்கு ஸ்க்ரூக்களில் நிற்கிறது. அதைக் கழற்றினால் ஸ்க்ரீன், அதற்குக் கீழே சாய்ந்த மிரர், மேல் லென்ஸின் பின்பக்கம் மூன்றும் கைக்கு எட்டும். லென்ஸின் பின்பக்கத்தைத் துடைக்க மறக்காதீர்கள். மூட்டத்தில் பெரும்பங்கு அங்கேயும் இருக்கும்.

மிரரின் பூச்சே போய், ஓரங்களில் திட்டுத் திட்டாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணாடிக் கடையில் சாதாரண முகக்கண்ணாடியை அளவுக்கு வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பூச்சு பின்பக்கம் என்பதால் ஒளி கண்ணாடியின் தடிமனைக் கடந்து போய்த் திரும்பும். உருவத்துக்கு ஒரு நிழல் உருவம் சேரும், ஃபோகஸ் தளமும் இடம் மாறும். மேலே பார்த்தால் கூர்மை, ஃபிலிமில் மங்கல் என்று ஆகிவிடும். முன்பக்கம் பூச்சுள்ள மிரர்தான் வேண்டும், பழையதன் அதே தடிமனில்.

லைக்கா எம்3 வாங்கப் போகிறேன். வியூஃபைண்டர் லேசாக மங்கல் என்கிறார்கள்.

1954-இல் வந்த எம்3-இன் ரேஞ்ச்ஃபைண்டரில் ப்ரிசங்கள் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டப்பட்டவை. வெறும் மங்கல் என்றால் சுத்தம் செய்யலாம், ஆனால் இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ஓரத்தில் எண்ணெய்த் திட்டு போலப் பரவல் தெரிந்தால் ஒட்டு விட ஆரம்பித்திருக்கலாம். ஒருமுறை கீழே விழுந்தாலோ இடித்தாலோ முழுதாகப் பிரிந்து வியூஃபைண்டர் கறுத்துவிடும். செலவு பெரிது. விலை பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

வீட்டில் இருந்த ஆக்ஃபா க்ளிக்-III, கோடக் கேபி10?

பரோடாவில் செய்யப்பட்ட அந்த ஆக்ஃபாவில் வியூஃபைண்டர் ரொம்ப எளிமையானது. வெளிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீர் தொட்ட பட்ஸால் துடைத்தால் போதும்.

கேபி10 போல ஃபிளாஷ் உள்ளேயே இருக்கும் எந்தக் கேமராவையும் திறக்க வேண்டாம். ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்; பேட்டரியை எடுத்த பிறகும் பலமாக அடிக்கும்.

பூஞ்சை என்றால் வெயிலில் வைக்கலாமா?

கேமரா உடலை வேண்டாம். வெயில் சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகி இன்னும் பரவும். துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகச் சூரியன் நேராக விழுந்தால் துணியில் ஓட்டையே விழும். ஐபீஸ், ஜன்னல் போன்ற கண்ணாடியில் இருக்கும் பூஞ்சை ஆல்கஹாலில் போய்விடும். நாள்பட்டதாக இருந்தால் அது ஓடிய தடம் மட்டும் கோலமாக நின்றுவிடும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

ஆன்லைனில் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ஃபோன் கேமராவை ஐபீஸில் வைத்து, வெளிச்சமான ஜன்னலைப் பார்த்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். எஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி இன்னொன்று. ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் நடுத்திட்டு (இரட்டை உருவம் தெரியும் இடம்) தெரியும்படி ஒன்று. "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் படம் அனுப்ப முடியாது" என்பவரிடம் வாங்க வேண்டாம். மங்கல் இருப்பதை அவரே சொல்லி விலையைக் குறைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ப்ரிசம் கறுத்திருப்பதற்கும் நடுத்திட்டு இல்லாததற்கும் மட்டும் தயங்குங்கள்.

மறுபடி மங்கல் வராமல் எப்படி வைப்பது?

தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள்; தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டு, சின்ன ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது. 60-ஐத் தாண்டவிடக் கூடாது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சமைக்கிற சட்டியில் வேண்டாம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது.

பீரோவில் பட்டுப்புடவைக்கும் சட்டைக்கும் நடுவே கேமராவை வைப்பவர்கள் கவனிக்க: பாச்சை உருண்டையும் கற்பூரமும் கேமராவுக்கு ஆகாது. கேமராவோடு வரும் கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும்.

திறக்கப் பயமாக இருக்கிறது, பக்கத்தில் மெக்கானிக்கும் இல்லை. மங்கலோடேயே எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். எஸ்எல்ஆரில் எஃப்/8 வைத்து வெளிச்சத்தில் எடுத்தால் சின்ன ஃபோகஸ் தவறு பெரிதாகத் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் நடுத்திட்டு மங்கி இருந்தால் இதைச் செய்து பாருங்கள்: முன் ஜன்னலின் வெளிப்பக்கம், நடுத்திட்டுக்கு நேராக, மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு டேப்பை ஒட்டுங்கள். அந்த இடத்தில் நேர் ஒளி குறைவதால், ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலிலிருந்து வரும் உருவம் தனியாக எடுத்துத் தெரியும். டேப் பெரிதாக இருந்தால் நேர் உருவமே மறைந்துவிடும், அதனால் சிறிதாக வெட்டித் தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.